1760-இல் அச்சாகி 12 ஆண்டில் கிடைக்காமல் போன ஒளி நூல்: லாம்பர்ட்டின் ‘ஃபோட்டோமெட்ரியா’

1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி, பார்வை, ஒளி, நிறம் பற்றி அதுவரை கண்டறியப்பட்டவற்றை எல்லாம் தொகுத்து ஒரு பெரிய வரலாற்று நூலை வெளியிட்டார். ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தவர் என்று பள்ளியில் படித்தோமே, அதே பிரீஸ்ட்லிதான். அப்போது அவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருந்தார். நூலுக்காக அவர் திரட்டிய புத்தகங்கள் ஏராளம். தேடியும் கைக்கு வராத புத்தகங்களையும் அவர் மறைக்காமல் பட்டியலிட்டார். அந்தப் பட்டியலில் ஒரு பெயர்: லாம்பர்ட்டின் ‘ஃபோட்டோமெட்ரியா’.

அந்த நூல் 1760-இல்தான் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அச்சாகியிருந்தது. வெறும் 12 ஆண்டு இடைவெளி. ஒளியை அளக்கும் துறைக்குப் பெயரே வைத்த நூல் அது. கிரேக்கத்தில் ஒளியைக் குறிக்கும் சொல்லையும் அளவைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து லாம்பர்ட் உருவாக்கிய பெயர், இன்றைக்கு உலகம் முழுக்க அந்தத் துறையின் பெயராக நிற்கிறது. அப்படிப்பட்ட நூல், ஒளியின் வரலாற்றை எழுத உட்கார்ந்தவருக்கே கிடைக்கவில்லை.

இது எப்படி நடந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. எனக்கு இதில் ஒரு சொந்த அக்கறையும் இருக்கிறது. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் கலரிமீட்டர் முன்னால் நின்று ‘பீர்–லாம்பர்ட் விதி’ என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். நிறக் கரைசலைக் கடக்கும் ஒளி எவ்வளவு குறைகிறது என்று அந்தக் கருவி அளக்கும், அதிலிருந்து கரைசலின் செறிவைக் கணக்கிட உதவுவது இந்த விதி. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஆய்வகங்கள் கணக்கிடும் முறைகளில் பலவும் இந்த விதியை நம்பியே நிற்கின்றன. ஆனால் லாம்பர்ட் யார், எந்தப் புத்தகத்தில் இதை எழுதினார் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இணையத்தில் அந்தப் பழைய லத்தீன் பக்கங்களை முதன்முதலாகத் திறந்து பார்த்த நாளில், இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

ஒளிக்குத் தராசு ஏன் இல்லை

எடைக்குத் தராசு இருந்தது, நீளத்துக்குக் கோல் இருந்தது, பொழுதுக்கு நாழிகை வட்டில் இருந்தது. ஒளிக்கு மட்டும் ஒன்றும் இல்லை. கண்தான் ஒரே கருவி. அந்தக் கண்ணோ அளவு சொல்வதில் மிக மோசம்.

உச்சிவெயிலில் புத்தகம் படிக்கிறோம். முழுநிலவில் மொட்டைமாடியில் உட்கார்ந்து கொஞ்சம் பெரிய எழுத்தாக இருந்தால் அதையும் படித்துவிடுகிறோம். இரண்டுக்கும் இடையே சுமார் 4 லட்சம் மடங்கு வித்தியாசம். கண்மணி சுருங்கி விரிகிறது, விழித்திரை தன்னை மாற்றிக்கொள்கிறது, அதனால் அந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதே இல்லை. உயிர் வாழ இது பெரிய வசதி. அளக்க உட்கார்ந்தவனுக்கோ இதுவே முதல் தடை.

1700-இல் பிரான்சில் ஒரு கப்புச்சின் துறவி, பிரான்சுவா மாரி, ஒளியை அளக்கலாம் என்று ஒரு சின்ன நூல் எழுதினார். கண்ணாடித் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு விளக்கு மறைய எத்தனை துண்டு தேவை என்று எண்ணுவது அவருடைய வழி. யோசனை நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு ஒளியைக் கழிக்கிறது என்று எடுத்துக்கொண்டார். பத்து ரூபாயிலிருந்து ஒவ்வொரு ரூபாயாக எடுப்பது போல. அங்கேதான் கணக்கு தவறியது.

லெ க்ருவாசிக்கில் நான்கு மெழுகுவத்திகள்

லாம்பர்ட்டுக்கு முன்னால் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். அவரை விட்டுவிட்டுச் சொன்னால் இந்தக் கதை அநியாயமாகிவிடும்.

பியேர் பூகேர், 1698-இல் பிரான்சின் பிரித்தானிக் கரையிலுள்ள லெ க்ருவாசிக் என்ற சின்னத் துறைமுக ஊரில் பிறந்தவர். அப்பா கடலோடிகளுக்குக் கப்பல் செலுத்தும் கணக்குகளைக் கற்பித்த அரசுப் பேராசிரியர். 1714-இல் அப்பா இறந்தபோது பூகேர் இன்னும் பதின்வயதில்தான் இருந்தார். இருந்தும் அப்பாவின் பதவி அவருக்கே கிடைத்தது.

அந்தக் காலத்தில் மெரான் என்ற பிரெஞ்சு அறிஞர் ஒரு கேள்வியில் சிக்கியிருந்தார். கோடையில் சூரியன் உயரத்தில் இருக்கிறது, குளிர்காலத்தில் தாழ்வாக. தாழ்ந்திருக்கும்போது ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. அப்படியானால் எவ்வளவு குறைகிறது? எண்ணாகச் சொல்ல அவரிடம் வழி இல்லை. பூகேர் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, சூரியனுக்குப் பதில் நிலவைப் பிடித்தார்.

1725 நவம்பர் 23. நிலவு அடிவானத்திலிருந்து 19 பாகைக்குச் சற்று மேலே இருந்தபோது, அதன் ஒளியும் நான்கு மெழுகுவத்திகளின் ஒளியும் பக்கத்துப் பக்கத்துப் பரப்புகளில் விழும்படி செய்தார். இரண்டும் ஒரே மாதிரி தெரியும்வரை மெழுகுவத்திகளைத் தள்ளி வைத்துக்கொண்டே போனார். 50 அடியில் சமமாயின. நிலவு 66 பாகைக்கு ஏறியபின் மறுபடி பார்த்தார். இப்போது நிலவு பிரகாசமாகிவிட்டதால் மெழுகுவத்திகளை 41 அடிக்குக் கிட்டே கொண்டுவர வேண்டியிருந்தது. தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்பது தெரிந்த விஷயம். ஆக 41-இன் வர்க்கம் 1681, 50-இன் வர்க்கம் 2500. தாழ்ந்த நிலவின் ஒளி உயர்ந்த நிலவின் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு.

இந்த இரண்டு எண்களிலிருந்து அவர் காற்றின் தெளிவையே கணக்கிட்டார். நேர் உச்சியிலிருந்து வரும் ஒளியில் சுமார் 81 சதவீதம் தரைக்கு வந்து சேர்கிறது என்பது அவர் கண்ட விடை. நான் இதைத் தாளில் போட்டுப் பார்த்தேன். அவருடைய இரண்டு தூரங்களும் இரண்டு உயரங்களும் போதும், அந்த 81 தானாக வந்து விழுகிறது. கிட்டத்தட்ட 300 ஆண்டுக்கு முன்னால் ஒருவர் மெழுகுவத்தியைப் பின்னும் முன்னும் நகர்த்திக் கண்ட எண் அது.

அவர் கண்ட இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. கண்ணாடி அடுக்கில் முதல் தகடு பாதி ஒளியை எடுத்துக்கொண்டால், இரண்டாவது தகடு மிச்சமிருப்பதில் பாதியைத்தான் எடுக்கும். கால் பங்கு மிஞ்சும். மூன்றாவதுக்குப் பிறகு அரைக்கால். ஒளி கூட்டுத் தொடரில் குறைவதில்லை, பெருக்குத் தொடரில் குறைகிறது. துறவி பிரான்சுவா மாரி சறுக்கிய இடம் இதுதான்.

சூரியனையும் நிலவையும் அவர் ஒப்பிட்ட விதத்தையும் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியே இல்லை. அதனால் நடுவில் ஒரு மெழுகுவத்தியைச் சாட்சியாக வைத்தார். சூரிய ஒளியை ஒரு சின்னத் துளை வழியே விட்டு, குழிவில்லையால் 11,664 மடங்கு பரப்பி நீர்க்கச் செய்தார். அது 16 அங்குலத்தில் இருந்த ஒரு மெழுகுவத்திக்குச் சமமானது. நிலவை 64 மடங்கு மட்டும் நீர்க்கச் செய்தார். அது 50 அடியில் இருந்த மெழுகுவத்திக்குச் சமம். கணக்கிட்டால் சூரியன் நிலவைப்போல் 2,56,289 மடங்கு. வேறு சில சோதனைகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, சுமார் 3 லட்சம் என்று முடித்தார். இன்று நமக்குத் தெரிந்தது ஏறக்குறைய 4 லட்சம். கையில் இருந்தது துளையும் வில்லையும் மெழுகும் மட்டும் என்பதை நினைத்தால் இது எவ்வளவு நெருக்கம் என்று புரியும்.

இதையெல்லாம் 1729-இல் பாரிஸில் சின்ன நூலாக அச்சிட்டார். அப்புறம் 1735-இல், பூமியின் வடிவத்தை அளக்கப் போன பிரெஞ்சுக் குழுவோடு தென் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பாரிஸ் திரும்பியது 1744-இல். ஒளியைப் பற்றிய பெரிய நூலை எழுதி முடித்த கையோடு 1758-இல் இறந்துபோனார். நண்பர் லக்காய் அதைப் பதிப்பித்து வெளிக்கொண்டுவந்த ஆண்டு 1760. அதே ஆண்டில்தான் ஆக்ஸ்பர்க்கில் லாம்பர்ட்டின் நூலும் வந்தது. ஆக, பூகேரின் பெரிய நூலை லாம்பர்ட் பார்த்திருக்க முடியாது. 1729-இன் சின்ன நூலை அவர் படித்திருந்தார், தன் நூலில் பூகேரைப் பெயர் சொல்லியே எழுதினார். இது பின்னால் வரும் ஒரு குழப்பத்துக்கு முக்கியம்.

தையற்காரர் மகன்

யோகான் ஹைன்ரிச் லாம்பர்ட், 1728-இல் முல்ஹவுஸ் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். இன்று அந்த ஊர் பிரான்சில். அன்றைக்கு சுவிஸ் கூட்டமைப்போடு உறவு வைத்திருந்த தனி நகர்க் குடியரசு. 12 வயதில் பள்ளியை நிறுத்திவிட்டு அப்பாவின் கடைக்கு வந்துவிட்டார். பிறகு ஓர் இரும்பாலையில் எழுத்தர் வேலை, 17 வயதில் பாசல் நகரில் ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் செயலாளர் வேலை. கணிதமும் தத்துவமும் வானியலும் தானாகவே படித்தது. 1748-இல் கூர் என்ற சுவிஸ் ஊரில் ஃபான் சாலிஸ் என்ற பிரபுக் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியராகப் போனார். அந்த வீட்டில் இருந்த நூலகம்தான் அவருடைய பல்கலைக்கழகம்.

ஒளிச் சோதனைகளை அவர் 1755 வாக்கில் தொடங்கினார். 1757-க்குள் எழுதத் தொடங்கும் அளவுக்குக் குறிப்புகள் சேர்ந்துவிட்டன. இடையில் மாணவர்களோடு ஐரோப்பியப் பயணம். நூலை முடித்தது 1760 பிப்ரவரியில், ஆக்ஸ்பர்க்கில். ஜூனுக்குள் அச்சாகிவிட்டது. அச்சிட்டது எபர்ஹார்ட் கிளெட் பதிப்பகம். அப்போது அதை நடத்தியவர் கிளெட்டின் விதவை மனைவி மரியா யாக்கோபினா. தலைப்புப் பக்கத்தில் பதிப்பாளராக அந்த விதவைதான் குறிக்கப்பட்டிருக்கிறார். லாம்பர்ட்டின் வேறு பல நூல்களையும் அந்த அம்மாள்தான் வெளியிட்டார். பெரிதாக விற்காத கணித நூல்களைத் தொடர்ந்து அச்சேற்றிய அவருடைய துணிவை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

பை என்ற எண் விகிதமுறா எண் என்பதை முதலில் நிறுவியவரும் இதே லாம்பர்ட்தான். அது சில ஆண்டுகள் கழித்து. 1777-இல் பெர்லினில் இறந்தபோது வயது 49.

நூலுக்குள் என்ன இருக்கிறது

ஐந்நூறு பக்கங்களைத் தாண்டும் லத்தீன் நூல். எண்ணிட்ட பத்திகள், கடைசியில் மடித்து வைத்த படத்தாள்கள். கருவி என்று பார்த்தால் சில மெழுகுவத்திகள், கண்ணாடித் துண்டுகள், வில்லைகள், ஒரு முப்பட்டகம், வெள்ளைத் தாள். ஒரு பெரிய ஆய்வகத்துக்கான பட்டியல் இல்லை, ஒரு வீட்டு ஆசிரியரின் மேசையில் கிடைப்பவை.

நூல் முழுதும் ஒரு நம்பிக்கையில் நிற்கிறது. கண்ணுக்கு ‘எத்தனை மடங்கு’ என்று சொல்லத் தெரியாது, ‘சமமா, இல்லையா’ என்று சொல்லத் தெரியும். தராசின் முள் எத்தனை கிலோ என்று சொல்வதில்லை, தட்டுகள் சமமா என்றுதான் சொல்கிறது. அதே வேலையைக் கண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தூரமும் கோணமும் கணிதமும் பார்த்துக்கொள்ளும்படி செய்துவிட்டார். பூகேரும் இதைத்தான் செய்தார். ஆனால் இதை ஒரு முழு அறிவியலாகக் கட்டியவர் லாம்பர்ட்.

அவர் செய்ததில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது, ஒளி பற்றிய சொற்களைப் பிரித்து வைத்தது. தமிழில் நாம் ‘வெளிச்சம்’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். பல்பு நல்ல வெளிச்சம் என்கிறோம். மேசையில் வெளிச்சம் போதவில்லை என்கிறோம். சுவர் வெளிச்சமாகத் தெரிகிறது என்கிறோம். மூன்றும் வேறு வேறு. விளக்கு வெளியிடுவது ஒன்று, பரப்பின் மேல் வந்து விழுவது இன்னொன்று, கண்ணுக்கு அந்தப் பரப்பு காட்டும் பிரகாசம் மூன்றாவது. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக வரையறுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிடும் வழியை லாம்பர்ட் எழுதினார். இன்றைக்கு லூமென், லக்ஸ், கேண்டிலா என்று தனித்தனி அலகுகள் இருப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

அடுத்து விதிகள். தூரம் கூடக் கூட, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறைகிறது என்பதைச் சோதனையால் காட்டினார். ஒளி சாய்ந்து விழுந்தால், பரப்பின் செங்குத்திலிருந்து அது சாயும் கோணத்தின் கொசைனுக்கு ஏற்ப குறையும் என்றார். மாலை வெயில் தரையில் நீண்டு பரவி மங்குவதற்குக் காற்று ஒரு காரணம் என்றால் இந்தச் சாய்வு இன்னொரு காரணம். உட்கவரும் பொருளுக்குள் ஒளி பெருக்குத் தொடரில் தேய்கிறது என்பது மூன்றாவது.

இவற்றோடு ஒரு கற்பனைப் பரப்பையும் அவர் முன்வைத்தார். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே பிரகாசமாகத் தெரியும் பரப்பு. சுண்ணாம்பு அடித்த சுவரை நேராகவும் பாருங்கள், ஓரமாக நின்றும் பாருங்கள், பெரிய வித்தியாசம் தெரியாது. கண்ணாடியோ, மெருகேற்றிய பித்தளைக் குடமோ அப்படி இல்லை. நிற்கும் இடத்துக்கு இடம் பளபளப்பு மாறும். அந்தச் சுண்ணாம்புச் சுவரின் இலட்சிய வடிவத்துக்கு இன்று ‘லாம்பர்ட் பரப்பு’ என்று பெயர். கணினி விளையாட்டிலும் அனிமேஷன் படத்திலும் ஒரு முகத்தின் கன்னம் உருண்டு தெரிகிறதே, அதன் அடிப்படைக் கணக்கு இதுதான். பரப்பின் செங்குத்துக்கும் விளக்கின் திசைக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன். பலகோண வடிவ ஒளிமூலம் ஓரிடத்தில் எவ்வளவு ஒளி தரும் என்பதற்கு லாம்பர்ட் எழுதிய சூத்திரத்தை, 1980-களிலும் 90-களிலும் கணினி வரைகலை ஆய்வாளர்கள் மறுபடி தேடிப் போனார்கள்.

பிறகு, வெண்மை என்று பொருள்படும் ‘ஆல்பிடோ’ என்ற லத்தீன் சொல்லை எடுத்து, ஒரு பரப்பு தன்மேல் விழும் ஒளியில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்குப் பெயராக்கினார். பனிப்பாறை உருகினால் பூமி ஏன் இன்னும் சூடாகிறது என்று விளக்கும் ஒவ்வொரு கட்டுரையிலும் இன்று இந்தச் சொல் வருகிறது.

அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. கண்ணை நம்பிச் செய்யும் சோதனையில் ஒவ்வொரு முறையும் விடை கொஞ்சம் மாறும். அந்த மாற்றங்களை என்ன செய்வது? பல அளவீடுகளிலிருந்து உண்மைக்கு மிகப் பொருத்தமான மதிப்பை எப்படித் தேர்வது என்பதற்கு லாம்பர்ட் நிகழ்தகவு அடிப்படையில் ஒரு முறையை எழுதினார். கையில் கிடைத்த அளவீடுகள் எந்த மதிப்பு உண்மையாக இருந்தால் நிகழ மிக வாய்ப்பு உண்டோ, அந்த மதிப்பை எடு என்பது அதன் சாரம். புள்ளியியல் படிப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஜெர்மன் கணித மேதை காஸ், விண்பொருள்களின் இயக்கம் பற்றிய தன் புகழ்பெற்ற நூலில் அளவீட்டுப் பிழைகளைப் பற்றி எழுதியது 1809-இல்தான். ஒளியைப் பற்றிய நூல் என்பதால் இந்தப் பகுதியைக் கணிதக்காரர்கள் திறந்து பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

நிலவில் தவறிய இடம்

எல்லாம் சரியாக வரவில்லை. கோள்களும் நிலவும் தன் கற்பனைப் பரப்பைப் போலவே ஒளியைச் சிதறடிக்கும் என்று எடுத்துக்கொண்டு லாம்பர்ட் கணக்கிட்டார். அந்தக் கணக்குப்படி பாதி நிலவின் ஒளி முழுநிலவின் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். உண்மையில் அது பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கிறது. முழுநிலவின் ஓரங்கள் மங்கலாகத் தெரிய வேண்டும் என்றும் அவருடைய விதி சொல்லும். பௌர்ணமி அன்று வெளியே போய்ப் பாருங்கள், நிலவு ஒரு தட்டையான வெள்ளித் தட்டு மாதிரிதான் இருக்கும், ஓரம் மங்கியிருக்காது. நிலவின் தரை சுண்ணாம்புச் சுவர் இல்லை. தூளும் கல்லும் குழியும் நிறைந்தது. சூரியன் நமக்கு நேர் பின்னால் இருக்கும் முழுநிலவு நாளில் அந்தச் சின்னச் சின்ன நிழல்கள் எல்லாம் மறைந்து, ஒளி திடீரென ஏறிவிடுகிறது.

ஆனால் இந்தத் தவறுகூடப் பயன்பட்டது. லாம்பர்ட் சொன்ன எண்ணிலிருந்து நிலவு எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துத்தான், அதன் மேற்பரப்பு எப்படிப்பட்டது என்று பின்வந்தவர்கள் யோசிக்க முடிந்தது.

ஏன் தொலைந்தது

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். கிடைக்கும் செய்திகளை வைத்துப் பார்த்தால் காரணங்கள் பல.

நூல் லத்தீனில் இருந்தது. 1760-இல் அறிஞர்கள் லத்தீன் படிப்பவர்கள்தான், ஆனால் பிரெஞ்சும் ஆங்கிலமும் ஜெர்மனும் வேகமாக அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. பிரதிகள் குறைவாகவே அச்சானதாகத் தெரிகிறது, விற்பனையும் மந்தம். அதே ஆண்டில் பாரிஸில் பூகேரின் நூல், படிக்க எளிதான பிரெஞ்சில், அக்காதெமியின் மதிப்போடு வந்தது. அது 1762-இலேயே வியன்னாவில் லத்தீனுக்கும் போனது. லாம்பர்ட்டுக்குப் பின்னால் அப்போது பெரிய நிறுவனம் எதுவும் நிலையாக இல்லை. கணிதமும் கடினம். சோதனைக்காரர்களுக்கு அது மிகுதி, கணிதக்காரர்களுக்கு மெழுகுவத்தி மிகுதி.

இவை எல்லாம் உண்மை. ஆனாலும் இவை மட்டும் ஒரு நூலைத் தொலைத்துவிடாது என்பது என் முடிவு. நியூட்டனின் கடினமான லத்தீன் நூலைத் தேடிப் படித்தார்கள். மாலுமிகளுக்கும் வானியலாளர்களுக்கும் அது தேவைப்பட்டது. லாம்பர்ட்டின் நூலுக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை. 1760-இல் ஒளியை எண்ணாக அறிய வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. விளக்கு என்றால் எண்ணெயும் மெழுகும். மெழுகின் எடையைப் பார்த்து விலை பேசினால் போதும், அது தரும் ஒளியை யார் அளந்தார்கள்?

இதற்குச் சான்று பின்னால் நடந்தது. 1790-களில் ரம்ஃபோர்ட் பிரபு, மியூனிக்கில் ஏழைகளுக்கான தொழிற்கூடத்தை நடத்திக்கொண்டிருந்தார். எந்த விளக்கு குறைந்த செலவில் அதிக ஒளி தரும் என்று அறிய வேண்டியிருந்தது. ஒரு குச்சியின் இரண்டு நிழல்களை ஒப்பிட்டு இரண்டு விளக்குகளை அளக்கும் கருவியை அமைத்து, 1794-இல் அதைப் பற்றி எழுதினார். இன்றும் அது அவர் பெயரிலேயே நிற்கிறது. ஆனால் அந்த அமைப்பு லாம்பர்ட்டின் நூலில் முன்பே இருந்தது. மியூனிக்கிலிருந்து ஆக்ஸ்பர்க் சுமார் 60 கிலோமீட்டர்தான்.

அடுத்து எரிவாயு விளக்குகள் வந்தன. லண்டன் தெருக்களில் எரிவாயு எரியத் தொடங்கியதும், நிறுவனம் கொடுக்கும் வாயு சொன்னபடி ஒளி தருகிறதா என்று சோதிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. இங்கிலாந்தில் 1860-இன் சட்டம் ஒளியின் அலகாக ஒரு மெழுகுவத்தியையே வைத்தது. திமிங்கலத்தின் தலையிலிருந்து எடுக்கும் ஸ்பெர்மசெட்டி மெழுகில் செய்தது, ஒரு பவுண்டுக்கு ஆறு, மணிக்கு 120 கிரெய்ன் எடை எரிய வேண்டும் என்று கணக்கு. (கிரெய்ன் என்பது அங்கே வழங்கிய ஒரு சிற்றெடை.) ஆக லாம்பர்ட் எழுதி சரியாக 100 ஆண்டு கழித்துத்தான் ஒளிக்கு ஒரு வாங்குபவனும் விற்பவனும் வந்தார்கள். அப்போது நூல் அலமாரிகளில் இல்லை.

பெயர் மட்டும் மிஞ்சியது

1852-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பீர், நிறமுள்ள கரைசல்களில் ஒளி எப்படிக் குறைகிறது என்று ஆராய்ந்தார். கரைசலின் செறிவு கூடினாலும் தடிமன் கூடினது போன்ற அதே விளைவுதான் என்பது அவர் சேர்த்தது. பின்வந்த வேதியியல் பாடநூல்கள் இரண்டையும் சேர்த்து ‘பீர்–லாம்பர்ட் விதி’ என்று பெயரிட்டன. தடிமன் பற்றிய பாதியை முதலில் கண்டவர் பூகேர், 1729-இல். லாம்பர்ட் அதை மறைக்கவில்லை. நூலைத் திறந்து பார்த்திருந்தால் பூகேரின் பெயர் அங்கேயே இருந்திருக்கும். கையில் கிடைக்காத நூலின் ஆசிரியருக்குப் பெருமை போய்ச் சேர்ந்தது, அந்த நூலே சுட்டிக்காட்டிய மனிதருக்குப் போகவில்லை. இப்போது சில பாடநூல்கள் ‘பூகேர்–லாம்பர்ட்–பீர்’ என்று மூன்று பெயரையும் போடுகின்றன. நம் பாடநூல்களும் அப்படியே போட வேண்டும் என்பது என் ஆசை.

இந்தப் பெருக்குத் தொடர்க் கணக்குக்குச் சென்னையோடும் ஓர் உறவு உண்டு. விண்மீன்களின் பிரகாசத்துக்கு, ஐந்து படி என்றால் 100 மடங்கு என்ற இன்றைய அளவுகோலை 1856-இல் முன்மொழிந்தவர் நார்மன் போக்சன். 1861-இல் அவர் மெட்ராஸ் வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்று வந்து, 1891-இல் இறக்கும்வரை நுங்கம்பாக்கத்திலேயே பணியாற்றினார். அவரோடு அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். ஒளி கூடிக் குறைவதைக் கண்ணால் ஒப்பிட்டு அறிவதுதான் அந்தக் கண்டுபிடிப்பின் அடிப்படை. பூகேரும் லாம்பர்ட்டும் கண்ணுக்குக் கொடுத்த அதே வேலை.

லாம்பர்ட்டின் நூல் 1892-இல் லைப்சிக்கில் சுருக்கமாக ஜெர்மனுக்கு வந்தது. எர்ன்ஸ்ட் ஆண்டிங் செய்த அந்த மொழிபெயர்ப்பில் பல பகுதிகள் விடுபட்டிருந்தன. பூகேரின் பெரிய நூல் 1961-இல் ஆங்கிலத்துக்கு வந்தது. லாம்பர்ட் முழுசாகப் பிரெஞ்சுக்கு 1997-இலும், ஆங்கிலத்துக்கு அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும்தான் வந்தார். ஆங்கிலத்தில் அதை வெளியிட்டது அமெரிக்க ஒளியமைப்புப் பொறியாளர் சங்கம் என்பது எனக்குப் பிடித்த செய்தி. இத்தனை காலம் அவருடைய கணக்கை வைத்துக் கட்டடங்களுக்கு விளக்கு போட்டவர்கள், கடைசியில் அவருடைய புத்தகத்தையும் எடுத்து வந்தார்கள்.

வீட்டில் செய்து பார்த்தது

மின்சாரம் போன ஓர் இரவில் குச்சி நிழல் சோதனையை நானே செய்து பார்த்தேன். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு பென்சிலை நிறுத்தினேன். ஒரு பக்கம் ஒரு மெழுகுவத்தி, சுவரிலிருந்து ஒரு மீட்டரில். மறுபக்கம் அதே பொட்டலத்திலிருந்து எடுத்த நான்கு மெழுகுவத்திகள், ஒட்டி ஒட்டி. சுவரில் இரண்டு நிழல். ஒரு பக்கத்து விளக்கு உண்டாக்கும் நிழலில் மறுபக்கத்து ஒளி மட்டுமே விழும். அதனால் நிழல்கள் இரண்டும் ஒரே கருமையாகத் தெரிந்தால், இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் ஒளி சமம்.

நான்கையும் மெதுவாகப் பின்னால் நகர்த்தினேன். ஒன்றரை மீட்டரில் ஒரு நிழல் தெளிவாக வெளிறியிருந்தது. இரண்டு மீட்டரைத் தாண்டியதும் மற்றது வெளிறியது. இடையில் ஓரிடத்தில் எது எதுவென்று சொல்ல முடியவில்லை. நாடாவை வைத்து அளந்தேன், 193 செ.மீ. ஊதுபத்திப் புகை போல ஒரு சுடர் ஆடியது, திரியைக் கிள்ளிவிட்டு மறுபடி பார்த்தேன், 204. மூன்றாவது முறை 198. வர்க்க விதிப்படி சரியாக 200 வர வேண்டும். மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி, எதை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்துவிட்டது. விளக்கை அணைத்துவிட்டு நான்காவது முறை அளந்தேன்.